நஷ்டம் யார் கணக்கில்?



நமது சங்கத்தின் சென்ற கூட்டத்தில் ஒரு யோசனை கொண்டுவரப்பட்டதை அங்கத்தினர்கள் அறிவீர்கள். பல்கலைக் கழகங்களில் படித்துவரும் நம் பிள்ளைகளில் சொந்தமாகத் தொழில் தொடங்க ஆசைப்படுவோருக்குச் சங்க மாடியில் ஓர் அறையை ஒதுக்கித் தரவேண்டும். வியாபாரிகளாகிய நாம் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஒரு நிதி சேர்க்க வேண்டும். அந்த நிதியைக் கொண்டு அவர்களைக் கைதூக்கிவிட வேண்டும் என்பதே அந்த யோசனை. இப்படிப்பட்ட இடத்துக்கு "இன்குபேட்டர்" என்று பெயர் சொன்னார்கள். நாங்கள் எல்லோரும் சந்தோஷத்தோடு ஆமோதித்தோம்.

கூட்டம் கலைந்து படியிறங்கும்போது ஒரு பெரியவர் என் தோளில் கை வைத்தார். "தம்பி, பணம் போடுவது நல்ல காரியந்தான். பையன் தோற்றுப் போனால் அந்த நஷ்டத்தை யார் கணக்கில் எழுதுவீர்கள்?" என்று கேட்டார்.

நான் வாய் திறக்கவில்லை. அந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. ஒரு தடவை அதற்கு நான் பதில் சொல்லியிருக்கிறேன். அந்தப் பதில் தவறானது. அதைப்பற்றி எழுதவேண்டும் என்றுதான் இந்த மடலில் இடம் கேட்டு வாங்கினேன். நான் பெரிய படிப்புப் படித்தவனல்ல. ஓதப்பள்ளியும் ஆரம்பப் பள்ளியுமே என் படிப்பு. ஆகவே குற்றம் குறைகளைப் பொறுத்து வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் அந்தப் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. இன்குபேட்டர் என்றால் முட்டைகளுக்குச் சூடு கொடுத்துக் குஞ்சு பொரிக்க வைக்கும் பெட்டி. தொழிலுக்கு இந்தப் பெயர் வந்த கதை வேடிக்கையானது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் பட்டேவியா என்று ஓர் ஊர். அங்கே விவசாய யந்திரங்கள் செய்துவந்த பெரிய தொழிற்சாலை ஒன்று மூடப்பட்டு, ஊரே வேலையின்றித் தவித்தது. மன்கூசோ என்ற குடும்பத்தார் 850,000 சதுர அடி கொண்ட அந்தக் கட்டடத்தை வாங்கினார்கள். முழுக் கட்டடத்தையும் வாடகைக்கு எடுக்க ஒருவரும் வரவில்லை. ஆகவே 1959ல் ஜோசப் மன்கூசோ என்பவர் அதைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கு விட்டார். இடம் மட்டுமல்ல, யோசனையும் சொன்னார்; கடன் கிடைக்க வழியும் காட்டினார். அப்படி வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் கோழிக்குஞ்சு பொரிக்கும் தொழில் செய்பவர். அந்தக் குஞ்சுகளைப் பார்த்து வேடிக்கையாகச் சொன்ன பெயரே உலகமெங்கும் நிலைத்துவிட்டது.

நம் சிங்கப்பூரிலும் இது புதிதல்ல. தேசியப் பல்கலைக் கழகம் 2001ஆம் ஆண்டிலேயே தன் மாணவர்களை வெளிநாட்டுப் புதுத் தொழில் கம்பெனிகளில் வேலை பழக அனுப்பும் திட்டத்தை ஏற்படுத்தியது. ஆயர் ராஜா கிரெசன்டில் இடிக்கப்படவிருந்த ஒரு பழைய தொழிற்கூடக் கட்டடம், புளோக் 71, 2011ல் இளம் தொழில்முனைவோருக்கான இடமாக மாறியது. பழைய சாமான்களைக் கைபேசி மூலம் வாங்கவும் விற்கவும் உதவும் "கேரசல்" என்ற கம்பெனியை 2012ல் தொடங்கியவர்கள் அந்தப் பல்கலைக் கழகத்தில் பயின்ற மூன்று இளைஞர்களே. மலேசியாவில் 2014ல் சைபர்ஜெயாவில் "மேஜிக்" என்ற நிலையத்தை அரசாங்கமே திறந்தது. 2021ல் அது வேறொரு அமைப்போடு இணைக்கப்பட்டது.

இவற்றையெல்லாம் கேட்கும்போது ஏதோ மேல்நாட்டுச் சரக்கு என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் சற்று யோசித்துப் பாருங்கள். கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் நாகூரிலிருந்தும் கூத்தாநல்லூரிலிருந்தும் சபராளிகளாகக் கப்பலேறி வந்த நம் முன்னோர்களின் கடைகள் என்னவாக இருந்தன? பதினான்கு வயதுப் பையன் வருவான். கடையிலேயே பாய் போட்டுப் படுப்பான். முதலில் கூட்டுவதும் கிளாஸ் கழுவுவதும். பிறகு தராசு. பிறகு வசூலுக்கு நடப்பது. பிறகு பெட்டியடி. பேரேடு எழுதத் தெரிந்து, வாடிக்கைக்காரர் முகமும் குணமும் தெரிந்தபின், முதலாளி அஞ்சடியில் ஒரு மூலையைக் காட்டி, "இந்த இடத்தில் நீ கடை போடு, சரக்கு நான் தருகிறேன், விற்றபின் பார்த்துக் கொள்வோம்" என்பார். அடைகாத்துக் குஞ்சு பொரித்த கடைகள் அவை. அப்படி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று நம்மில் பலர்.

ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இருந்தது. அதை மறைத்துப் பேசுவது நியாயமல்ல. ஜெயித்த பையன்களின் கதையைத்தான் நாம் சொல்லி வருகிறோம். தோற்றவன் என்ன ஆனான்? எடுத்த சரக்குக்குப் பணம் கட்ட முடியாமல், முதலாளி முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு, வேறு ஊருக்குப் போய்விட்டவர்களைப் பற்றி நம் வீடுகளில் மெதுவான குரலில்தான் பேசுவார்கள். அவர்களில் ஏமாற்றியவன் சிலர் இருந்திருக்கலாம். நேர்மையாக உழைத்தும் காலம் சரியில்லாமல் விழுந்தவர்கள் பலர். இரண்டு பேரையும் நாம் ஒரே பெயரால்தான் அழைத்தோம்: "பணத்தை முழுங்கினவன்."

இப்போது என் சொந்தக் கதைக்கு வருகிறேன்.

என் லாத்தா மகன் இங்குள்ள பல்கலைக் கழகம் ஒன்றில் இரண்டாம் வருஷம் படித்துக் கொண்டிருந்தான். நல்ல பிள்ளை, தொழுகையாளி. 2019ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கூட்டாளிகள் இருவரோடு என் கடைக்கு வந்தான். அலுவலகங்களில் வேலை செய்வோர் மத்தியானச் சாப்பாட்டைக் கைபேசியிலேயே சொல்லிவைப்பார்கள். நம் ஹலால் சாப்பாட்டுக் கடைகள் அதைக் கட்டித் தயாராக வைத்திருக்கும். பையன்கள் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். இதற்கு ஒரு கைபேசிச் செயலி செய்யப் போகிறோம் என்றான். எனக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. ஆனால் பிள்ளையின் கண்ணில் இருந்த வெளிச்சம் புரிந்தது. 12,000 வெள்ளி கொடுத்தேன். காகிதம் ஒன்றும் எழுதவில்லை. "லாபம் வந்தால் மாமாவை மறந்துவிடாதே" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அந்தச் சிரிப்பில் நான் என்ன சொன்னேன் என்று பிற்பாடுதான் யோசித்தேன். லாபத்தில் எனக்குப் பங்கு உண்டு என்று சொல்லிவிட்டேன். நஷ்டத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

ஒரு வருஷம் போல அவர்கள் உழைத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கடைகள் சேர்ந்தன. பிறகு கொவிட் நோய் வந்தது. 2020 ஏப்ரல் 7ந் தேதி முதல் அலுவலகங்களைப் பூட்டி வீட்டிலிருந்தே வேலை செய்யும்படி அரசாங்கம் உத்தரவிட்டது. அலுவலகத்தில் ஆளே இல்லையென்றால் அலுவலகச் சாப்பாடு யாருக்கு? வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் பெரிய கம்பெனிகள் முன்னமே இறங்கியிருந்தன. சில மாதங்களில் பையன்களின் தொழில் நின்றுவிட்டது.

எனக்கும் அந்த வருஷம் வியாபாரம் இல்லை. கடை வாடகை நெஞ்சை அழுத்தியது. அந்த நெருக்கடியில் நான் என் லாத்தாவுக்கு டெலிபோன் செய்து, "அவனுக்குக் கொடுத்த கடன் என்ன ஆச்சு?" என்று கேட்டேன். கடன்! கொடுத்த அன்று அந்த வார்த்தை என் வாயில் இல்லை. பணம் போனபின் அதற்குக் கடன் என்று பெயர் வைத்துவிட்டேன்.

பையன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுத்து, 2021 ஜனவரி முதல் மாதம் 200 வெள்ளி கொண்டுவந்து கொடுத்தான். நானும் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டேன். முன்பெல்லாம் வாரம் ஒரு தடவை கடைக்கு வந்து, "மாமா, டீ போடச் சொல்லுங்க" என்று உட்காருபவன், அதன்பின் முதல் தேதியில் வந்து உறையை வைத்துவிட்டுப் போவான். 2022ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளன்று எங்கள் வீட்டுக்கு வந்தான். எல்லோரும் பிரியாணிக்கு உட்காருகிறோம். அவன் மட்டும் நின்றுகொண்டே உறையை மேசையில் வைத்து, ஸலாம் சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டான். அது 17ஆவது உறை. மொத்தம் 3,400 வெள்ளி. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

சில நாட்களுக்குப் பின் நான் ஓதிய காலத்து உஸ்தாது ஒருவரிடம் போய் இதைச் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களுடைய முவத்தா என்ற கிதாபில் வரும் ஒரு சம்பவத்தைச் சொன்னார்.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் மைந்தர்களான அப்துல்லாஹ், உபைதுல்லாஹ் இருவரும் ஒரு படையோடு இராக் சென்றிருந்தார்கள். திரும்பும் வழியில் பஸராவின் அமீராக இருந்த அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களைக் கண்டார்கள். அவர் இருவருக்கும் ஏதாவது நன்மை செய்ய விரும்பினார். மதீனாவுக்கு அனுப்ப வேண்டிய பொதுப் பணம் அவர் கையில் இருந்தது. அதை அவர்களிடம் கடனாகக் கொடுத்து, இராக்கில் சரக்கு வாங்கி மதீனாவில் விற்று, முதலைக் கலீபாவிடம் சேர்த்துவிட்டு லாபத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார். அவ்வாறே நடந்தது, லாபமும் வந்தது. முதலைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது உமர் (ரலி) அவர்கள் கேட்ட முதல் கேள்வி: படையிலிருந்த எல்லோருக்குமா இப்படிக் கடன் கொடுத்தார்? இல்லை என்றார்கள். கலீபாவின் மக்கள் என்பதால்தானே உங்களுக்குக் கொடுத்தார், முதலையும் லாபத்தையும் சேர்த்து வையுங்கள் என்று உத்தரவிட்டார்கள். அப்துல்லாஹ் (ரலி) மௌனமாக இருந்தார். உபைதுல்லாஹ் பேசினார்: இந்தப் பணம் குறைந்திருந்தாலோ அழிந்திருந்தாலோ நாங்கள்தானே ஈடு செய்திருப்போம் என்றார். அவர் இதைத் திரும்பவும் சொன்னபோது, சபையில் இருந்த ஒருவர், இதைக் கிராளு ஆக்கிவிட்டால் என்ன என்று யோசனை சொன்னார். உமர் (ரலி) அவர்கள் அதை ஏற்று, முதலையும் லாபத்தில் பாதியையும் பொதுநிதிக்கு எடுத்துக்கொண்டு, மறுபாதியை மைந்தர்களுக்கு விட்டார்கள்.

சகோதரர்களே, இந்தச் சம்பவத்தில் நம் சங்கத்து யோசனைக்கு வேண்டிய இரண்டு கேள்விகளும் இருக்கின்றன. ஒன்று, உமர் (ரலி) அவர்கள் கேட்டது: எல்லோருக்குமா கொடுத்தாய், வேண்டியவர்களுக்கு மட்டுமா? மற்றொன்று, உபைதுல்லாஹ் கேட்டது: நஷ்டம் என்னுடையது என்றால் லாபம் எப்படி உங்களுடையது?

கிராளு என்றும் முளாரபா என்றும் சொல்லப்படுவதை நாம் ஓதப்பள்ளியில் கேட்டிருப்போம். ஒருவர் முதல் போடுகிறார், மற்றவர் உழைக்கிறார். லாபம் வந்தால் முன்பே பேசிக்கொண்ட விகிதப்படி பங்கு. நஷ்டம் வந்தால் முதல் போட்டவருக்குப் பணம் நஷ்டம், உழைத்தவருக்கு உழைப்பு நஷ்டம். உழைத்தவர் மோசடி செய்தாலோ, பேசிய எல்லையை மீறினாலோ, அசட்டையாகப் பாழாக்கினாலோ மட்டுமே அவர் ஈடு கொடுக்க வேண்டும். "எது நடந்தாலும் என் முதலுக்கு நீ ஜவாப்தாரி" என்று ஷர்த்துப் போட இடமில்லை. கடன் என்பதோ வேறு. கொடுத்த தொகை திரும்ப வரவேண்டும். ஆனால் அதற்கு மேல் ஒரு காசும் கேட்கக் கூடாது. கடன்பட்டவன் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை தவணை கொடுக்கும்படியும், அதைத் தர்மமாக விட்டுவிடுவது இன்னும் மேலானது என்றும் சூரத்துல் பகராவின் 280ஆம் ஆயத்து போதிக்கிறது.

அப்படியானால் நான் செய்தது என்ன? லாபம் வருமென்று நினைத்தபோது பங்காளியாக இருந்தேன். நஷ்டம் வந்ததும் கடன்காரனைப் பிடிக்கும் சாவுகாரனாக மாறினேன். ஒரே பணத்துக்கு இரண்டு பெயர். கடன் கொடுத்தவனுக்குள்ள பத்திரமும் வேண்டும், கூட்டாளிக்குள்ள லாபமும் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வட்டி வாங்குவதில்லை என்று பெருமை பேசும் நான், வட்டிக்காரனுடைய மனத்தை என்னையறியாமல் சுமந்திருந்தேன். நெருங்கிய உறவு, நல்ல எண்ணம், சிரித்த முகம் எல்லாம் அதற்குத் திரையாக இருந்தன.

மேல்நாட்டாரும் சுற்றிச் சுற்றி இந்த இடத்துக்கே வந்திருக்கிறார்கள் என்பது கவனிக்கத் தக்கது. அமெரிக்காவில் 2005ல் தொடங்கிய "ஒய் காம்பினேட்டர்" என்ற பெயர்பெற்ற நிலையம், 2013ல் "சேஃப்" என்றொரு மாதிரி ஒப்பந்தத்தை வெளியிட்டது. அது கடன் பத்திரமல்ல. வட்டி கிடையாது, இந்தத் தேதிக்குள் திருப்பிக் கட்டு என்ற தவணையும் கிடையாது. கம்பெனி வளர்ந்தால் பணம் போட்டவருக்குப் பங்கு. விழுந்தால் மிச்சம் இருப்பதில் அவருக்குரியது கிடைக்கும். மிச்சமே இல்லையென்றால் இல்லை. அதை ஷரீஅத்துச் சட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. கிராளு வியாபாரத்துக்குரியது, புதிதாக ஒரு பொருளைச் செய்யும் தொழிலுக்கு எந்த விதமான கூட்டு பொருந்தும், அதன் ஷர்த்துகள் என்ன என்பதை உலமாப் பெருமக்களிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும். நான் சொல்வது அடிப்படையை மட்டுமே: லாபத்தில் கை நீட்டுபவன் நஷ்டத்திலிருந்து கையை இழுத்துக்கொள்ளலாகாது.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிட்டுக் கேட்பார்: "நஷ்டம் நம்முடையது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பிள்ளைகளுக்குப் பொறுப்பு எங்கிருந்து வரும்? ஊரார் பணம்தானே என்று விளையாட மாட்டார்களா?"

கேள்வி நியாயமானதே. நேர்மையான நஷ்டம் வேறு, அமானிதத்தைச் செலவழிப்பது வேறு. நம் ஊரிலேயே நடந்ததை நினைத்துப் பாருங்கள். தெருவில் சைக்கிள்களை நிறுத்திவைத்து வாடகைக்கு விட்ட "ஓபைக்" என்ற கம்பெனி 2017ல் வந்தது. 2018 ஜூனில் சிங்கப்பூரில் கடையை மூடியது. வாடிக்கைக்காரர்களில் பலர் ஆளுக்கு 49 வெள்ளி முன்பணம் கட்டியிருந்தார்கள். திருப்பித் தருவதாக வாங்கிய அந்தப் பணம் திரும்பி வரவில்லை என்று எத்தனையோ பேர் முறையிட்டார்கள். சைக்கிள் வியாபாரம் நஷ்டமாகலாம், அது விதி. ஆனால் வாடிக்கைக்காரன் வைத்த முன்பணம் வியாபாரத்துக்கு முதலாகாது. அது அமானிதம். நம் பிள்ளைகளுக்கு நாம் முதல் பாடமாகச் சொல்லித் தரவேண்டியது இந்த வேற்றுமையைத்தான். முதல் போட்டவன் பணத்தை இழந்தாய் என்றால் வா, உட்கார், கணக்கைக் காட்டு. வாடிக்கைக்காரன் முன்பணத்தை, வேலைக்காரன் சம்பளத்தை, சரக்குக் கொடுத்தவன் பாக்கியைத் தொட்டாய் என்றால் அது தோல்வியல்ல, ஹக்கு.

பொறுப்பு எப்படி வரும் என்றால், கணக்கு வாங்குவதால் வரும். திருப்பிக் கட்டு என்ற பயத்தால் வருவது பொறுப்பல்ல, ஒளிவு. கடன் என்று மிரட்டினால் பையன் கெட்ட செய்தியை மறைப்பான். இன்னொருவரிடம் கைமாற்று வாங்கி ஓட்டையை அடைப்பான். மாதாமாதம் நம்மில் இருவர் உட்கார்ந்து பேரேட்டைப் புரட்டினால் ஓட்டை சிறிதாக இருக்கும்போதே தெரிந்துவிடும்.

இதை நான் கற்றதும் என் லாத்தா மகனிடந்தான். உஸ்தாதிடம் கேட்டு வந்தபின், அந்த 3,400 வெள்ளியை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். "தம்பி, நான் அன்று சொன்னது கூட்டு, பிறகு கேட்டது கடன். தப்பு என்னுடையது. இது உன் பணம்" என்றேன். அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "மாமா, பணத்தைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. நீங்க ஒரு தடவைகூட எங்க கணக்கைப் பார்க்கவே இல்லையே. நல்லா ஓடினபோதும் பார்க்கல, நின்னபோதும் பார்க்கல."

அன்று அவன் வைத்திருந்த கணக்கை முதல் தடவையாக விரித்துப் பார்த்தோம். அப்போது ஒரு விஷயம் தெரிந்தது. நோய் வருவதற்கு முன்பே பல கடைக்காரர்கள் ஆரம்பத்தில் சேர்ந்துவிட்டுப் பிறகு விலகியிருக்கிறார்கள். காரணம் பையன்களுக்குப் புரியவில்லை. எனக்கு ஒரு நிமிஷத்தில் புரிந்தது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மீ கோரிங் கடைக்காரரின் கையில் எண்ணெய். ரொட்டிக் கடைக்காரரின் கையில் மாவு. எதிரே இருபது பேர் வரிசை. அந்த நேரத்தில் கைபேசித் திரையை யார் தொடுவார்? காலை பத்து மணிக்கே ஆர்டரை மூடி, ஒரு காகிதத்தில் அச்சடித்து அடுப்புக்கு மேலே ஒட்டியிருந்தால் அவர்கள் விலகியிருக்க மாட்டார்கள். இருபத்தைந்து வருஷமாகக் கடையில் நிற்கும் எனக்கு இது தெரியும். அவன் என் மருமகன். நான் 12,000 வெள்ளி கொடுத்தேன். இந்த ஒரு வார்த்தையைக் கொடுக்கவில்லை.

ஆகவே, பல்கலைக் கழகங்களும் அரசாங்கமும் செய்யும்போது நாம் என்ன பெரிதாகச் செய்துவிடப் போகிறோம் என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். அவர்களிடம் கட்டடம் இருக்கிறது, பணம் இருக்கிறது. நம்மிடம் சந்தை இருக்கிறது. ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃபு (ரலி) அவர்களுக்கு ஸஅது பின் ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியையே கொடுக்க முன்வந்தார்கள். அவர் துஆச் செய்துவிட்டு, சந்தைக்கு வழி காட்டும்படி மட்டும் கேட்டார். பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்றுத் தலையெடுத்தார். வழி காட்டுவதற்கு நம்மைவிடத் தகுந்தவர் யார்? எந்தச் சரக்கு எந்த மாதத்தில் தேங்கும், யார் சொன்ன தேதியில் பணம் கொடுப்பார், யாருக்கு ரொக்கம் இல்லாமல் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. நம் தலையில் இருக்கிறது. அது நம்மோடு கபுருக்குள் போவதைவிட நம் பிள்ளைகளிடம் போவது நல்லதல்லவா?

மற்றோர் ஆட்சேபணையும் கூட்டத்தில் எழுந்தது: ஏழைகளும் அனாதைகளும் இருக்கையில் பட்டப் படிப்புப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஏன் என்று. நியாயம். ஜகாத்துப் பணத்தில் ஒரு காசும் இந்த நிதிக்கு வரக்கூடாது. ஜகாத்துக்கு உரிய எட்டு வகுப்பார் குர்ஆனில் சொல்லப்பட்டிருக்கிறார்கள். அவர்களுடைய ஹக்கை எடுத்து நாம் தொழில் நடத்த முடியாது. இது வியாபாரிகள் தங்கள் சொந்த லாபத்திலிருந்து, போனால் போகட்டும் என்ற நிய்யத்தோடு போடும் முதல். போனால் தூக்கம் கெடும் என்கிற அளவுக்கு யாரும் போட வேண்டாம். தூக்கம் கெட்டவன் என்ன செய்வான் என்பதற்கு நானே சாட்சி.

நிர்வாகிகள் இந்த அறையைத் திறக்குமுன் கீழ்க்கண்டவற்றை யோசிக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, பணம் கைமாறுமுன் அதற்கு ஒரே ஒரு பெயர் வைத்து எழுத வேண்டும். கடன் என்றால் கடன். லாபம் கேட்கக் கூடாது. கூட்டு என்றால் கூட்டு. நஷ்டத்தில் நமக்குரியதை நாம் ஏற்க வேண்டும். தர்மம் என்றால் தர்மம்; பிறகு சொல்லிக் காட்டக் கூடாது. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி குர்ஆனில் மிக நீண்ட ஆயத்தே இறங்கியிருக்க, மாமன் மருமகன் என்று வெட்கப்பட்டு எழுதாமல் விடுவது உறவுக்குச் செய்யும் தீங்கு.

இரண்டாவது, உமர் (ரலி) அவர்களின் கேள்வியைச் சுவரில் எழுதி வைக்க வேண்டும். அறிவிப்பு எல்லாப் பள்ளிவாசல்களிலும் போகட்டும். நிர்வாகிகளின் பிள்ளைகள் மனுப் போட்டால் அந்த நிர்வாகி அன்று சபையில் உட்காரக் கூடாது. பெண் பிள்ளைகளுக்கும் சமமாக இடம் வேண்டும். நம் நாயகம் (ஸல்) அவர்கள் ஷாம் தேசத்துக்கு வியாபாரம் செய்யப் போனது அன்னை கதீஜா (ரலி) அவர்கள் போட்ட முதலைக் கொண்டுதான் என்பதை மறந்துவிட்டுப் பெண்களுக்கு வியாபாரம் எதற்கு என்று பேசுவோரும் நம்மிடையே உண்டு.

மூன்றாவது, பணத்தோடு ஓர் ஆளையும் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் நம்மில் ஒரு வியாபாரி, மாதம் ஒரு மாலை, பேரேட்டோடு உட்கார வேண்டும். நேரம் கொடுக்க முடியாதவர் பணமும் போட வேண்டாம் என்றே நான் சொல்வேன்.

நான்காவது, தோற்றுப் போன பிள்ளைக்கு ஒரு நாள் ஒதுக்க வேண்டும். அவன் கணக்கைச் சபையில் வைத்து, எங்கே தவறியது என்று சொல்லட்டும். மோசடி இல்லையென்று கண்டால், உன்மீது எங்களுக்குப் பாக்கி ஒன்றுமில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்து, அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டு அனுப்ப வேண்டும். இல்லையென்றால் பணத்தோடு பிள்ளையையும் இழந்துவிடுவோம். கோழி இருபத்தொரு நாள் அடைகாக்கிறது. எல்லா முட்டையும் பொரிப்பதில்லை. பொரிக்காத முட்டைக்காக அது மற்ற முட்டைகளைக் கொத்துவதில்லை.

என் மருமகன் இப்போது ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். மறுபடியும் தொழில் தொடங்குவானா என்று தெரியாது, நான் கேட்கவில்லை. அந்த 3,400 வெள்ளியை வாங்கிக்கொண்டான். சென்ற பெருநாளைக்கு வந்து உட்கார்ந்து சாப்பிட்டான். முன்போல வாரா வாரம் வருவதில்லை. சில விஷயங்கள் திரும்பி வர நாளாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

படிக்கட்டில் என்னைக் கேட்ட பெரியவருக்கு இப்போது பதில் சொல்கிறேன்: அந்த நஷ்டத்தில் பணம் நம் கணக்கில், ஹஜ்ரத். உழைப்பு பையன் கணக்கில். இரண்டையும் எழுதி, கீழே இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகே பெட்டியைத் திறப்போம்.

வல்ல அல்லாஹ் நம் வியாபாரங்களில் பரக்கத்தையும், கொடுக்கல் வாங்கலில் நேர்மையையும், நம் பிள்ளைகளுக்கு நல்ல வழியையும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.